ஜன்னல் சௌக்கியமாக இருக்கிறது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நீயும் உன் வீட்டாரும் உன் கடையும், உன் கடையில் சுருட்டி அடுக்கியிருக்கும் விற்காத ரோல்களும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இங்கே ஜன்னல் சௌக்கியமாக இருக்கிறது. அதன் நிறம் மங்கவில்லை, ஓரம் தூக்கவில்லை, தூசி படியவில்லை, வேளாவேளைக்கு அதற்கு வேண்டியது நடக்கிறது. அதற்கு அடுத்தபடியாக உன் மாமா சௌக்கியம். எனக்கும் இந்த வீட்டில் சாப்பாடு, ஒரு ஓரத்தில் இடம் என்று ஏதோ கிடைத்துக்கொண்டிருப்பதால் நானும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் "ஜன்னல்" என்று வாயெடுத்ததுமே உனக்கு டவர் போய்விடுகிறது. "அக்கா, விட்டு விட்டு கேக்குதுக்கா" என்கிறாய். போன வாரம் உன் பையனுக்குச் சட்டை தைத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டாயே, அன்றைக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கணீர் என்று கேட்டது. கடிதத்துக்கு டவர் போகாது, அதனால் கடிதம். வாய்விட்டுச் சொல்லாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். பரீட்சையில் நான் விடைகளைச் சொல்லிச் சொல்லி எழுத, டீச்சர் என்னைத் தனியாக வராந்தாவில் உட்கார வைத்தார், அந்த விடைகளைக் கேட்டு எழுதின என் பின்பெஞ்சு முழுவதும் பாஸானது. இன்றும் அதே வாய்தான். உன் மாமா காதில் விழக் கூடாது என்பதற்காக வீட்டுக்கு வெளியே, மாடிப்படி திரும்பும் இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே உட்கார்ந்திருப்பதற்கு அது ஒன்றே காரணம் இல்லை, மற்றது பின்னால் வருகிறது. சுருக்கமாக விஷயம் இதுதான்: நீ உடனே கிளம்பி வந்து, நீ ஒட்டினதை நீயே பிரித்து, நீயே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

என் தொழில் என்ன என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, அதனால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கிழிந்த துணியில், பூச்சி அரித்த துணியில், சிகரெட் நெருப்பு பட்ட துணியில், இழைக்கு இழை ஓட்டி, அங்கே ஒரு ஓட்டை இருந்தது என்று அந்தத் துணிக்கே தெரியாதபடி அடைத்துத் தருவது என் தொழில். இதற்கு ஊசி வேண்டும், பொறுமை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கலப்படமில்லாத பகல் வெளிச்சம் வேண்டும். பல்ப் வெளிச்சத்தில் நூலுக்கு நிறம் பார்ப்பவள் நான் இல்லை. நூல் அலமாரியிலிருந்து கண்டை எடுத்து, ஜன்னலண்டை கொண்டுபோய், துணிமேல் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் ஊசியில் கோப்பேன். அந்த ஒரு ஜன்னலை நம்பித்தான் இந்த வீட்டையே வாடகைக்குப் பிடித்தோம். நான் மகளைப் பார்த்துவிட்டு வரப் போன நேரம் பார்த்து நீ வந்தாய், "அக்காவுக்கு ஒரு ஆச்சரியம் குடுப்போம் மாமா" என்றாய், மஞ்சள், நீலம், ரோஜா என்று கட்டம் கட்டமாக ஒரு ஃபிலிமை அந்த ஜன்னல் முழுக்க ஒட்டிவிட்டுப் போய்விட்டாய். நான் பையோடு உள்ளே நுழைந்தபோது உன் மாமா நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கன்னம் மஞ்சளாகவும் மூக்கு நீலமாகவும் இருந்தது. அவருக்குத்தான் உடம்புக்கு என்னமோ வந்துவிட்டது என்று பயந்து பையைக் கீழே போட்டேன். ஆச்சரியம் தர வேண்டும் என்று நினைத்தாயே, அந்த மட்டில் உனக்கு வெற்றிதான்.

ஒட்டினதோடு போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன். போகிறபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைப் பராமரிக்கும் முறைகளையும் உன் மாமாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? வேலையில் இருந்த காலம் முழுவதும் குடோன் பொறுப்பாளராக உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "தொடாதே" என்று சொல்லிச் சம்பளம் வாங்கின மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு "தொடாதே" என்று சொல்ல வீட்டில் ஒரு பொருள் இல்லாமல் வாடிப்போயிருந்தவர். அவர் கையில் கொண்டுவந்து ஃபிலிமைக் கொடுத்தாயே, நீ நல்லா இருப்பே. நீ அவரிடம் சொன்னது, "மாமா, நல்லாப் பிடிக்கிற வரைக்கும் ரெண்டு மூணு நாள் தொடாதீங்க" என்பதுதானாம். உன் மாமா பாதுகாப்புக்காக அதை ஒரு மாதமாக ஆக்கிக்கொண்டார். குடோனில் எப்போதும் அப்படித்தானாம், மேலிடத்தில் ஒன்று சொன்னால் கீழே பத்தாக வைத்துக்கொண்டால்தான் சரக்கு நிற்குமாம். "பசையே இல்லக்கா, வெறும் தண்ணி தெளிச்சா ஒட்டிக்கும், எப்ப வேணா பிரிச்சு வேற எடத்துல ஒட்டிக்கலாம்" என்று நீ என்னிடம் பெருமையாகச் சொன்னதை நான் அவரிடம் நினைவுபடுத்தினேன். "பிரிக்கலாம்னா, பிரிக்கணும்னு அர்த்தமா?" என்றார்.

முதலில் போனது என் இஸ்திரிப் பெட்டி. ஆவி பட்டால் ஃபிலிமின் ஓரம் தூக்கிக்கொள்ளும் என்று நீ சொன்னாயாமே. அடைத்து முடித்த துணியை ஈரத்துணி போட்டு ஆவியில் அழுத்தினால்தான் இழை படியும், அது என் வேலையில் பாதி. இஸ்திரி மேஜையை அவரே தூக்கிக்கொண்டுபோய் சமையலறையில் போட்டார். சமையலறையில் நான் துணி தேய்க்கிறேன் என்பதால் சமையல் சுருங்கியது. சமையல் சுருங்கினதில் அவருக்கு வருத்தம் இல்லை, ஏனென்றால் சமையலிலிருந்தும் ஆவிதான் வருகிறது. டீ போட்டால் கோப்பையை மூடி எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து போக வேண்டும். நான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஜன்னல் பக்கம் போனேன், "அந்தப் பக்கம் போகாதே, தலை காயட்டும்" என்றார். கல்யாணமான நாள் முதல் என் தலை காய்வதைப் பற்றி இந்த மனுஷன் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை, ஒரு நிமிஷம் உருகிக்கூடப் போனேன். கவலை ஜன்னலைப் பற்றி என்று எனக்குப் புரிய அடுத்த நிமிஷம் ஆனது.

அப்புறம் அமோனியா. அமோனியா கலந்த எதையும் ஃபிலிம் மேல் போடக் கூடாது, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும் என்றாயாம். போதும் என்று சொன்னதோடு விட்டாரா? கண்ணாடி துடைக்க என்று கடைகளில் விற்கும் எந்தப் பாட்டிலில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது என்று கடைக்குப் போனார். பாட்டிலின் பின்புறம் எழுதியிருப்பது பொடி எழுத்து, மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதனால் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூக்கை வைத்து முகர்ந்து பார்த்திருக்கிறார். அலமாரியின் இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடி போவதற்குள் கண் சிவந்து, மூக்கில் தண்ணீர் வடிந்து, கடைக்காரர் இவரை ஸ்டூலில் உட்கார வைத்து எனக்குப் போன் செய்தார். "அம்மா, சார் நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு, ஆனா எங்க கடையில வந்து இந்த மாதிரி பழக்கமெல்லாம் வேண்டாம்னு எடுத்துச் சொல்லுங்க" என்றார். எந்தப் பழக்கம் என்று நான் கேட்கவில்லை. இப்போது அந்தக் கடைக்கு நான்தான் போகிறேன், கடைக்காரர் என்னைப் பார்த்து மிகவும் பரிவாகத் தலையாட்டுகிறார்.

மெத்தென்ற துணி விஷயத்துக்கு வா. வீட்டில் இருந்த துணி எதுவும் அவருக்கு மெத்தென்று இல்லை. ஒவ்வொன்றாகக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் தேறியது, ஒரு வாடிக்கையாளர் அரித்த ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன கம்பளிச் சால்வை. அதை நான் கையிலிருந்து பிடுங்காத குறை. பிறகு என் பழைய உள்பாவாடையில் ஒன்று தேர்வானது. தினமும் காலையில் அதை நனைத்து, பிழிந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று அவர் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஓரத்தில் ஈரம் நின்றால் உள்ளே இறங்கிவிடுமாம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கச் சொன்னால் "எனக்கு அந்த வேலையெல்லாம் வராது" என்று சொன்ன அதே கைதான்.

இதற்கு நடுவில் ஒரு காற்றுக் குமிழ். நீ ஒட்டின லட்சணத்தில் நீலக் கட்டத்துக்குள் ஒரு குமிழ் விட்டுவிட்டாய். அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தார். "குண்டன் நேத்து இடது பக்கம் இருந்தான், இன்னிக்கு மேல ஏறியிருக்கான்" என்று எனக்குத் தகவல் வரும். குமிழைத் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோக என் தையல் அளவுகோலை எடுத்தார், அது வளைந்தது. நீ போனில் "சின்னதா ஒரு ஊசி குத்து போட்டு காத்தை எடுத்துடுங்க மாமா" என்று சொன்னாயாம். அவருக்கு மட்டும் உனக்கு டவர் கிடைக்கிறது. என் பெட்டியில் இருக்கும் ஊசிகளிலேயே மயிரிழை மாதிரி ஒன்று, பட்டுக்கு மட்டும் நான் தொடுகிற ஊசி, அதைத்தான் எடுத்தார். குத்துக்குத் தப்பின குண்டன் நகர்ந்துவிட்டான், ஊசி கண்ணாடியில் முட்டி முனை மழுங்கியது. அடுத்த நாள் வெயிலில் குண்டன் தானாகவே காணாமல் போனான். உன் மாமாவுக்கு அன்றைக்கு முழுவதும் ஒரு மாதிரியாக இருந்தது, பழகிவிட்டார்.

ஜன்னல் துடைக்கிறவர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு ஒரு தடவை கட்டிடத்துக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு வந்து எல்லா ஜன்னலையும் துடைத்துவிட்டுப் போகும் மனுஷர் அவர், பாவம். ஃபிலிம் உள்பக்கம் இருக்கிறது, அவர் வெளிப்பக்கம் தொங்குகிறார், இடையில் கண்ணாடி இருக்கிறது, இதையெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். வெளியே கட்டம் கட்டமாக ஒரு நிழல் அசைந்ததுதான் தாமதம், உன் மாமா பாய்ந்து போய்க் கண்ணாடியை விரலால் தட்டி, "வேண்டாம்! தொடாதீங்க!" என்று கத்தினார். வெளியே இருந்தவருக்குச் சத்தம் கேட்கவில்லை, தட்டின இடம் மட்டும் தெரிந்தது. அந்த இடத்தில் அழுக்கு இருக்கிறது போலிருக்கிறது என்று அங்கே இன்னும் அழுத்தித் தேய்த்தார். இவர் அதற்குப் பக்கத்தில் தட்டினார், அவர் அதையும் தேய்த்தார். இப்படியே ஜன்னல் முழுவதையும் இவர் தட்டித் தட்டிக் காட்ட, அவர் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். எங்கள் ஜன்னல் மாதிரி பளபளவென்று இந்தக் கட்டிடத்தில் இன்னொரு ஜன்னல் கிடையாது. போகிறபோது கீழே வாசலில் நின்று, "இவ்வளவு அக்கறையா வேலை சொல்ற சாரை நான் பாத்ததில்ல" என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டிருப்பேன், வயலின்காரர் விஷயம் நடக்காமல் இருந்திருந்தால். மேடையில் வாசிக்கும் ஒரு வாத்தியக் குழு, எல்லோருக்கும் கறுப்புக் கோட்டு, எல்லாக் கோட்டும் பெட்டியில் கிடந்து முழங்கையில் தேய்ந்து பூச்சி அரித்தது. புதுசாகத் தைக்காமல் அரித்ததையே அடைத்துக்கொள்ளலாம் என்று குழுவின் மேலாளர் என்னைத் தேடி வந்தார். முதலில் ஒரு கோட்டை அடைத்துக் காட்டச் சொன்னார், சரியாக வந்தால் மொத்தக் கோட்டும், இனி வருகிற வருஷங்களுக்கும் என்னிடம்தான். உன் மாமா ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் வேலைக்குப் போவது என் ஊசி ஒன்றுதான் என்பதை நீ நினைத்துப் பார். கிடைத்த கோட்டு வயலின்காரருடையது, வில் பிடிக்கும் கையின் முழங்கையில் ஓட்டை. கறுப்பு நூல் கண்டு என்று எடுத்து, வழக்கம் போல ஜன்னலண்டை கொண்டுபோய், துணிமேல் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? நான் நின்றது உன் ரோஜாக் கட்டத்துக்கு நேரே. அந்த வெளிச்சத்தில் பாட்டில் பச்சைகூடக் கறுப்பாகத்தான் தெரியுமாம், இது எனக்கு அப்புறம் தெரிந்தது. உட்கார்ந்து, இழைக்கு இழை ஓட்டி, என் கைவேலையிலேயே மிக அழகான கைவேலையைப் பச்சையில் செய்து கொடுத்தேன்.

மேடை விளக்கு எரிந்ததாம், வயலின்காரர் வில்லைத் தூக்கினாராம். ஒவ்வொரு தடவை கை மேலே போகும்போதும் முழங்கையில் பச்சையாக ஒன்று மின்னியதாம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, "அம்மா, அந்த மாமா கையில கிளி உக்காந்திருக்கு" என்று சத்தமாகச் சொன்னதாம். மறுநாள் வயலின்காரரும் மேலாளரும் சேர்ந்து வந்தார்கள். வயலின்காரர் நல்ல மாதிரி. "தையல் பிரமாதம்மா, ஒரு இழை பிசகல, நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார். மேலாளர் இழுக்கவில்லை. "உங்களுக்குக் கண்ணுல எதாவது கோளாறா? வெளிப்படையா சொல்லிடுங்க" என்றார். தம்பி, என் கண்ணைப் பற்றி இதுவரை ஒருத்தர் வாய் திறந்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் கோளாறு இல்லை, ஜன்னலில்தான் கோளாறு என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்குப் பின்னால் உன் மாமா உள்பாவாடையும் கையுமாக ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயலின்காரர்தான் பேசி இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். எல்லாக் கோட்டையும் கொண்டுவந்து கூடத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த கச்சேரிக்குள் கறுப்பில் கறுப்பு நூலால் அடைத்துத் தர வேண்டும். தவறினால் கோட்டும் போகும், என் பேரும் போகும்.

இப்போது தெரிகிறதா நான் ஏன் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று? இங்கே திருப்பத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, அதிலிருந்து வருவது கலப்படமில்லாத வெளிச்சம். ஆனால் உச்சிப் பொழுது தாண்டினால் அதுவும் போய்விடும், அந்த நேரத்துக்குள் போகிறவர் வருகிறவரெல்லாம் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். மேல்மாடிக்காரி ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை "என்னம்மா, வீட்ல சண்டையா?" என்று கேட்கிறாள். இல்லை என்றால் முகம் வாடிப்போகிறது. நேற்று ஒருத்தர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறினார், சக்கரம் கோட்டில் உரசி, ஒரு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு ஓட்டை ஆனது. இந்த வேகத்தில் போனால் கச்சேரிக்கு ஒரு கைதான் தேறும். வாத்தியக் குழுவில் எல்லோருக்கும் இரண்டு கை இருக்கிறது.

அதனால்தான் இன்று காலை, உன் மாமா குளிக்கப் போன நேரம், துணிந்து ஜன்னலின் கீழ்மூலையைக் கையால் பிடித்துத் தூக்கினேன். சத்தமில்லாமல் பிரிந்து வந்தது. வெள்ளை வெளிச்சம் மேஜைமேல் வந்து விழுந்தது, எனக்கு உயிர் வந்தது. அப்போது அவர் வந்துவிட்டார். சரி, இன்றைக்கு "தொடாதே" என்று தெருமுனை வரைக்கும் கேட்கப்போகிறது என்று நான் நின்றேன். அவர் கத்தவில்லை. நான் தூக்கின இடைவெளி வழியாக ஒரு பார்வை பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மூடிடும்மா" என்றார். அவ்வளவுதான்.

நான் குனிந்து பார்த்தேன். எதிர்ச்சாரியில் குடோன் கேட். அவருடைய குடோன். அவருடைய நாற்காலியில், அவர் இடத்துக்கு வந்த அந்தப் புது ஆள். உனக்கு நினைவிருக்கும், ஓய்வு பெற்ற நாள் முதல் இந்த மனுஷன் காலையில் டீயும் கையுமாக அந்த ஜன்னலில் வந்து உட்கார்ந்து விடுவார். "லாரியை இப்படியா திருப்புவான்?", "கேட்டைப் பாதிதான் சாத்தியிருக்கான் பாரு" என்று எனக்கு நேர்முக வர்ணனை நடக்கும். ஒரு நாள் தாங்காமல் ஜன்னலைத் திறந்து அந்த ஆளைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். அவன் மரியாதையாகத்தான் எழுந்து நின்று, "நான் பாத்துக்கறேன் சார், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான். அன்றைக்கு அப்படியே உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகும் ஜன்னலில்தான் இருந்தார், வர்ணனை மட்டும் நின்றுபோனது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்த்து எதுவும் சொல்லவும் முடியவில்லை. ஷேவ் செய்துகொள்வதுகூட நின்றுவிட்டது. நான் தலைக்குமேல் வேலையில் குனிந்திருந்தேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஆளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ ஃபிலிமை ஒட்டி அந்தக் கேட்டை மறைத்த பிறகுதான் அவர் ஷேவ் செய்துகொண்டார், கடைக்குப் போனார், சத்தம் போட்டார். குண்டனோடு சண்டை போட்டார்.

நீ இதெல்லாம் தெரிந்துதான் ஒட்டினாயா? தெரிந்துதான் என்றால், உனக்கு அறிவு வந்த தேதியை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், நான் உன்னைத் திட்டாமல் இருந்திருப்பேன். கடையில் விற்காமல் கிடந்த ரோலை அக்கா வீட்டில் தள்ளிவிட்டுப் போனாய் என்றால், அதையும் இப்போது என்னிடம் சொல்லாதே, நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், கெடுக்காதே.

ஆகவே தம்பி, மேலே நான் எழுதினதையெல்லாம் தள்ளிவிடு. நீ வர வேண்டாம். பிரிக்க வேண்டாம். ஃபிலிம் இருந்துவிட்டுப் போகட்டும். வெளிச்சம் இருக்கிற மட்டும் இந்தப் படிக்கட்டில் அடைக்கிறேன், முடியாத கோட்டை மேலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எனக்குக் கண்ணில் கோளாறு என்று அவர் நாலு பேரிடம் சொன்னால் சொல்லட்டும். சொல்லும்போது வலிக்கத்தான் செய்யும், எனக்கு என் பேர் சும்மா வந்ததில்லை. ஆனால் அந்த மனுஷன் "மூடிடும்மா" என்று சொன்ன குரலை இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது. கோட்டு கிழிந்தால் அடைக்க எனக்குத் தெரியும், இதை எந்த நூலை வைத்து அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம். நீ எந்த வீட்டு ஜன்னலில் கை வைத்தாலும் குமிழ் விழாமல், ஓரம் தூக்காமல், அந்த வீட்டுக்காரி கண்ணில் படாமல் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்பு அக்கா.

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப்போன கடிதத்தை மறுபடி எடுத்து எழுதுகிறேன். இத்தனையும் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியிருக்கிறேன், உன் மாமா உள்ளே வாசல் கதவைத் துடைக்கிற சாக்கில் அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். நான் உறை தேடி உள்ளே போனபோது கூடம் முழுக்க வெள்ளை வெளிச்சம். மூலையிலிருந்து மூலைக்கு, ஒரு சுருக்கம் விழாமல், அவரே ஃபிலிமைப் பிரித்துச் சுருட்டி வைத்திருந்தார். என் நாற்காலியை ஜன்னலண்டை போட்டு, தன் நாற்காலியை அதற்கு எதிரே போட்டு, "நீ உன் கோட்டைப் பாரு. நான் பாக்கறதைப் பாத்துக்கறேன்" என்றார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். எதிரே அந்த ஆள் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு, நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தவன், இவரைக் கண்டதும் கையைத் தூக்கினான். கொஞ்சம் பொறுத்து உன் மாமாவும் கையைத் தூக்கினார். "பரவால்ல, தாழ்ப்பாள் போடறான்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனேன்.

அங்கே போயிருக்கக் கூடாது. டீயோடு திரும்பி வந்தால் உன் மாமா உள்பாவாடையும் கையுமாக நிற்கிறார். "மாப்ள சொன்னானே, பிரிச்சு வேற எடத்துல ஒட்டிக்கலாம்னு. அளவு அப்படியே சரியா இருக்கு பாரேன்" என்று காட்டுகிறார். காட்டின இடம், என் நூல் அலமாரியின் இரட்டைக் கண்ணாடிக் கதவு. இரண்டு கதவுக்கும் நடுவில் வெட்டாமல், ஒரே வீச்சில் ஒட்டியிருக்கிறார். நல்லாப் பிடிக்கிற வரைக்கும் ஒரு மாதம் கதவைத் திறக்கக் கூடாதாம். கோட்டெல்லாம் வெளியே இருக்கிறது, கறுப்பு நூலெல்லாம் உள்ளே இருக்கிறது. கடிதத்தின் நடுவில் நான் உருகி எழுதியிருக்கும் இடத்தைப் படிக்காமல் தாண்டிவிடு. முதல் பக்கத்தில் எழுதினதுதான் என் கடைசி வார்த்தை. உடனே கிளம்பி வா.